உன் அப்பாவின் வீட்டுச் செருப்பு

சரவணா,

நீ நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் மனைவி கவிதா போனில் சொன்னாள். நான் நலமா என்று நீ கேட்கவில்லை, அதனால் அதையும் சொல்லப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று கேசரி கிளறித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, முதலியார்பேட்டையில் பஸ் ஏறி, லாசுப்பேட்டையில் நீ கட்டிய வீட்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் போட்டு வந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். பைக்குள் கழுவித் துடைத்து வைத்திருந்த வீட்டுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். நீ கதவைத் திறந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாய். "அம்மா, நீயுமா? கழட்டிட்டு வா" என்றாய். கேசரியை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து நீ போனில் பேசி அனுப்புவதிலெல்லாம் ஒரே பேச்சு. "ஒரு செருப்புக்காகவாம்மா இவ்ளோ கோவம்?" ஆமாம். ஒரு செருப்புக்காகத்தான். இன்னும் தெளிவாகச் சொன்னால், இரண்டு ஜோடிச் செருப்புக்காக. ஒன்று என்னுடையது, இன்னொன்று உன் அப்பாவுடையது.

இதை ஏன் ஊர் படிக்க எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அந்த ஒரே பேச்சைத் தவிர வேறு பதில் வருவதில்லை. பத்திரிகையில் வந்தால் உன் ஆபீசில் யாராவது உன் மேசையில் கொண்டுவந்து போடுவார்கள். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா வாழ்நாள் முழுக்க நின்றவர். நீ சின்னவனாக இருந்தபோது மில்லில் தறிக்கு முன்னால் நின்றார். மில்லை மூடிய பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலின் வாசலில் வாட்ச்மேனாக நின்றார். உட்கார அங்கே ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. வாட்ச்மேன் உட்கார்ந்தால் ஓட்டலுக்கு மரியாதை இல்லையாம். மரக்கட்டை மாதிரி ஒரு கறுப்பு பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கதவைத் திறந்து, வணக்கம் ஐயா என்பதைப் பிரெஞ்சில் "பொன்ழூர் மெஸ்யே" சொல்ல வேண்டும். அந்த வேலையில்தான் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஆணி மேல் மிதித்தவர் மாதிரி முகம் சுருங்கும். வலியைப் பார்த்து, "பொன்ழூர் மெஸ்யே, வந்துட்டீங்களா?" என்பார். நானும் நீயும் சிரிப்போம். பத்து அடி நொண்டியபடி நடந்தால் கொஞ்சம் விடும். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போது மறுபடி வந்து உட்காரும். அப்போது அதற்குச் சாயங்கால வணக்கம்தான் பெயர், "பொன்சுவார்."

நீ அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆன்லைனில் ஜெல் மாதிரி ஒன்றை வாங்கி வந்தாய். கத்தரிக்கோலால் வெட்டி பூட்ஸுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை, மகன் வாங்கித் தந்தான் என்று அவர் ஓட்டல் முழுக்கக் காட்டினார். ஆனால் அது யார் காலுக்கும் பொருந்துகிற சாமான். அவர் காலுக்குப் பொருந்தவில்லை. வியர்வையில் வழுக்கி விரல் பக்கம் போய்ச் சுருண்டுகொண்டது. கடைசியில் நான்தான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, செயற்கைக் கால் செய்கிற பிரிவுக்கு அனுப்பினார். "கால எடுத்துருவாங்களா?" என்று வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் அந்த மனிதர்.

அங்கே ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். அவரை வெறுங்காலோடு அறைக்குள் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தாள். பூட்ஸைத் திருப்பி அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். "உங்களுக்குத் தட்டைப் பாதம்பா. நிக்கும்போது உள்பக்கமா சாயுது. குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை ஓடுது. நாளெல்லாம் அது இழுத்துக்கிட்டே இருக்கு. தூங்கும்போது சுருங்கிக்கும், காலையில எழுந்து நின்னதும் வெடுக்குனு இழுபடும். அதான் மொத அடி குத்துது" என்றாள். பிறகு அவர் பாதத்தில் ஈரமாக மாவுக்கட்டு சுற்றினாள். "கால் ஒடஞ்சவனுக்குத்தானே மாவுக்கட்டு, எனக்கு இன்னா முன்கூட்டியே போடறீங்க?" என்றார் இவர். "அச்சு எடுக்கறேம்பா. உங்க காலு மாதிரி இன்னொரு காலு உலகத்துலயே கெடையாது." கழற்றி மேசையில் வைத்ததும் இவர் குனிந்து பார்த்தார். "வாத்துக் காலு மாதிரி இல்ல இருக்கு. இத வச்சிக்கினா இத்தினி வருஷம் குடும்பம் நடத்துன நீ?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் இருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

அந்த அச்சை வைத்துத்தான் செய்தார்கள். பூட்ஸுக்குள் போட ஒன்று. வளைவு விழுந்த இடத்தில் மேடாகத் தாங்கும், குதிகாலுக்கு அடியில் குழிவாக மெத்தென்று இருக்கும். அதே அச்சில் வீட்டுக்கென்று ஒரு செருப்பு. வீட்டுக்குச் செருப்பா என்று இவர் தயங்கினார். அந்தப் பெண் விடவில்லை. "வீட்டுத் தரைதாம்பா கல்லு மாதிரி இருக்கும். வெளிய போட்டத உள்ள போடாதீங்க, இது வீட்டுக்குள்ள மட்டும். சாமி கும்புடற எடத்துல கழட்டி வச்சிட்டு உக்காந்து கும்புடுங்க. சாமி ஒண்ணும் சொல்லாது." முதலில் கொஞ்ச நேரம் போட்டு, தினமும் நேரத்தைக் கூட்டச் சொன்னாள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்துவிடுகிற பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள். மந்திரம் மாதிரி மறுநாளே போய்விடாது என்றும் சொன்னாள்.

நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டார். புதுசாம், தேய்ந்துவிடுமாம், நல்ல நாளைக்குப் போடுவாராம். கல்யாணப் பட்டுப்புடவையா அது? நான் கத்திய கத்தலில் எடுத்துப் போட்டார். சில வாரத்தில் காலையில் இறங்கும்போது முகம் சுருங்குவது குறைந்தது. ஒரு நாள் கட்டிலை விட்டு இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார்த்து, "மெஸ்யேவ இன்னும் காணோமே?" என்றார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுகிற நேரம் பார்த்துக் கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போக ஆரம்பித்தோம். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவரோடு சேர்ந்து வேலையில்லாமல் நடந்தது அப்போதுதான். வேலையை விட்ட பிறகும் அந்த நடையை விடவில்லை. வேலையை விட்ட பிறகும் அந்த நடையை விடவில்லை.

பிறகு நீ வீடு கட்டினாய், எங்களையும் அங்கேயே குடி வைத்தாய். பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பால் காய்ச்சிய அன்று, பூஜை முடிகிறவரைக்கும் அவர் வெறுங்காலோடு அந்தப் பளபளத் தரையில் நின்றார். சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்த பிறகுதான் வீட்டுச் செருப்பைப் போட்டார். முந்தின இரவு நான் சோப்பு போட்டுக் கழுவிய செருப்பு அது. உன் மாமனார், மாமியார், உன் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

"இன்னாப்பா இது, நடு ஹால்ல செருப்போட? கழட்டி வெளிய உடு."

"வீட்டுக்குள்ள போடறதுடா. மண்ணே படல இதுல."

"செருப்பு செருப்புதாம்பா. சாமி இருக்கற வீடு. எல்லாரும் பாக்கறாங்க இல்ல?"

கவிதா வாய் திறந்தாள். "இருக்கட்டுங்க, மாமாவுக்குக் கால் வலி" என்றாள். "நீ சும்மா இரு" என்றாய். உன் அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். உன் மாமனாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "புது வீடு இல்லீங்களா, தரையில கீறல் உழுந்துடும், அவன் சொல்றது சரிதான்" என்றார். உன் மானத்தைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார், சரவணா. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் அவர் அதைப் போடவில்லை. அது வெளியே உன் ஷூ ஸ்டாண்டின் அடித்தட்டில் கிடந்தது. வெயில் அடித்தது, மழைச்சாரல் அடித்தது. நான் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

நான் உன்னிடம் கேட்கவில்லை என்று சொல்லாதே. மாடி அறையில் நீ நடக்கிற மெஷின் மேல் ஓடிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டேன். "உன் கால்ல இன்னாடா அது?" "ஷூம்மா." "வீட்டுக்குள்ள ஷூ போடலாமா?" "இது ஜிம்மு ஷூம்மா, மாடிக்கு மட்டும்தான்." "உங்கப்பா செருப்பும் வீட்டுக்கு மட்டும்தாண்டா." நீ காதில் இருந்த குமிழைச் சரி செய்துகொண்டு மெஷின் வேகத்தைக் கூட்டினாய். அதுதான் நீ எனக்குச் சொன்ன பதில்.

மெஸ்யே திரும்பி வந்துவிட்டார். ஆனால் உன் அப்பா அவருக்குப் பொன்ழூர் சொல்வதை நிறுத்திவிட்டார். அதை நீ கவனித்தாயா? முதலில் கடற்கரைக்குப் போவது நின்றது. பிறகு தெருமுனைக் கடைக்குப் போவது நின்றது. ஹாலில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி, அதுதான் அவர் ஊர். அங்கிருந்து பாத்ரூமுக்குப் போக, வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போவார். குதிகால் தரையில் படாமல் விரலை ஊன்றி, திருடன் மாதிரி நடப்பார். மகன் வீட்டில் திருடன் மாதிரி. உன் வெள்ளைச் சுவரில் அவர் கை உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. நாற்காலியில் தொடங்கி பாத்ரூம் கதவு வரைக்கும். நீ ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, "கைய கழுவிட்டு நடக்கச் சொல்லும்மா" என்றாய்.

மார்கழியில் ஒரு காலை அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். குதிகால் வலியில் யாரும் சாவதில்லை, அது எனக்கும் தெரியும். செருப்பு போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். நடந்திருப்பார். அதைத்தான் சொல்கிறேன். செத்த அன்று வரைக்கும் நடந்திருப்பார், என்னோடு கடற்கரைக்கு வந்திருப்பார். இருந்த கொஞ்ச நாளையும் நீ அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாய்.

காரியத்துக்கு உறவுக்காரர்கள் வருவார்கள் என்று பெயின்டரைக் கூப்பிட்டாய். நான் எழுந்து வந்து பார்க்கும்போது சுவர் பளிச்சென்று இருந்தது. கோட்டைக் காணோம். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் இப்படி அழவில்லை. நீ கிட்டே வந்து, "பெயின்ட் வாசனை கண்ணுல எரியுதாம்மா?" என்று கேட்டாய். அன்றைக்கே உன்னை அறைந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கூத்து பதினாறாம் நாள் நடந்தது. ஐயர் வந்து உட்கார்ந்தார். தானம் கொடுக்கப் பித்தளைத் தாம்பாளத்தில் குடை, கைத்தடி, புதுத் தோல் செருப்பு எல்லாம் வாங்கி வைத்திருந்தாய். எங்கே வைத்தாய்? நடு ஹாலில். சாமி படத்துக்கு நேராக, விளக்குக்குப் பக்கத்தில். நீயே இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கினாய். ஐயர் எனக்கு விளக்கம் சொன்னார். "போற வழியெல்லாம் முள்ளும் சூடுமா இருக்கும்மா. அவர் கால் நோகக் கூடாதுன்னுதான் செருப்பு தானம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். உன் அத்தை என் தோளை அழுத்தி, "அழுதுடு அண்ணி, அழுதுடு" என்று கெஞ்சினாள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். உயிரோடு இருந்தவரின் செருப்பு வாசலில் கிடக்கிறது, செத்தவரின் செருப்பு சாமிக்கு முன்னால் தட்டில் வீற்றிருக்கிறது. சிரிக்காமல் என்ன செய்வது? முள்ளும் சூடும் உன் வீட்டுத் தரையில் இருந்ததை ஐயரிடம் யார் சொல்வது?

அன்று சாயங்காலமே அவர் வீட்டுச் செருப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்பு வேலை பார்த்த மெஸ்ஸிலேயே மறுபடி தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கப் போனேன். எனக்கும் குதிகால் வலி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர் செருப்பை எடுத்து நான் போட்டுக்கொண்டேன். வீணாகப் போகிறதே என்று ஒரு நினைப்பு, அவர் கால் பட்ட இடம் என்று ஒரு நினைப்பு. வலி இரண்டு மடங்கானது. ஆஸ்பத்திரியில் அதே பெண்ணிடம் போனேன். என் காலில் இருந்த செருப்பைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "இது அப்பாவுக்குச் செஞ்சது இல்ல? உங்களுக்கு வளைவு ரொம்ப உசரம், அவருக்கு வளைவே கெடையாது. அவர் மருந்த நீங்க சாப்பிடுவீங்களா?" என்று திட்டினாள். பிறகு, "அப்பா எப்படி இருக்காரு? நடக்கறாரா?" என்று கேட்டாள். என் வாயில் இருந்து, "நடக்கறாரு" என்றுதான் வந்தது. அவள் குனிந்து என் காலில் மாவுக்கட்டு சுற்றிக்கொண்டிருந்ததால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கும் இரண்டு ஜோடி இருக்கிறது, தெருவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் காலையில் எழுந்து சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போகிறேன். என் வீட்டிலும் முருகன் படம் இருக்கிறது. அவர் எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கும்பிடுகிறேன். இதுவரைக்கும் அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீராம்பட்டினம் தேருக்குப் போய்விட்டுக் கடற்கரையில் நடந்தோம். ஈர மணலில் உன் அப்பாவின் காலடி நடுவில் இடுப்பு இல்லாமல் செங்கல் மாதிரிப் பதிந்திருந்தது. பக்கத்திலேயே சின்னதாக உன்னுடையது, அதே செங்கல். "அப்பா ஸ்டாம்ப்பு, புள்ள ஸ்டாம்ப்பு" என்று அவர் கத்திக்கொண்டே உன்னைத் தூக்கிச் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் நின்றபோது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, நீ சோபாவில் இருந்து எழுந்து வந்தாய். முதல் இரண்டு அடியைக் குதிகால் படாமல் விரலில் வைத்தாய். உன் கை சுவருக்குப் போனது. நான் பார்த்தேன். கழட்டிட்டு வா என்று சொல்கிற அவசரத்தில் நான் பார்ப்பதை நீ பார்க்கவில்லை. மெஸ்யே உன் வீட்டுக்கு வந்துவிட்டார், சரவணா. ஜெல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடாதே. போய் அச்சு எடு. வீட்டுக்கும் சேர்த்து எடு. இதைச் சாபமாகச் சொல்லவில்லை. பெற்றவள் கோபத்தில் இருந்தாலும் பிள்ளையின் காலைப் பார்க்காமல் இருக்க முடியாது, அதனால் சொல்கிறேன்.

வருகிற மார்கழியில் அவருக்குத் தலைதிவசம். மறுபடி ஐயர் வருவார், மறுபடி தாம்பாளம் வைப்பாய். இந்தத் தடவை கடையில் செருப்பு வாங்காதே. அந்தத் தோல் செருப்பு உன் அப்பாவின் வாத்துக் காலுக்குச் சேராது. அதைப் போட்டுக்கொண்டு அவர் எந்த வழியும் நடக்க முடியாது. அவருடையதை நான் கொண்டு வருகிறேன். கழுவி வைத்திருக்கிறேன், குதிகால் குழி இன்னும் அவர் குதிகால் அளவுக்கே இருக்கிறது. தாம்பாளத்தில், விளக்குக்குப் பக்கத்தில், அதைத்தான் வைக்க வேண்டும். ஐயர் வேண்டாம் என்றால் அவருக்குக் குடையை மட்டும் கொடுத்து அனுப்பு. அவர் கையில் கொடுப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அந்த ஹாலுக்குள் அது வர வேண்டும்.

என் கையில் அவர் செருப்பு இருக்கும், என் காலில் என் வீட்டுச் செருப்பு இருக்கும். வாசலில் இரண்டில் எதையும் விட மாட்டேன். நீ உன் மாமனாரைக் கூப்பிட்டாலும் சரி, ஊரையே கூப்பிட்டாலும் சரி. உனக்கு அது முடியாது என்றால் முன்னாலேயே சொல்லிவிடு, திவசத்தை முதலியார்பேட்டையில் நானே வைத்துக்கொள்கிறேன். வருவதாக இருந்தால் உனக்கு இங்கே கதவு திறந்திருக்கும். உன் காலில் எது இருந்தாலும் கழற்றச் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா